நாற்பது வினாடி

ஓட்டுநர் இல்லாத டவுன்பஸ் எந்த நிறுத்தத்திலும் பத்து வினாடிதான் நிற்கும். தக்கலை நிறுத்தத்துக்கு ஊன்றுகோலோடு வரும் மேரி புஷ்பத்தை யாராவது கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். "நாளைக்காவது கொஞ்சம் கூட நில்லு, மக்கா" என்று தினமும் பஸ்ஸிடமே சொல்வாள். பஸ்ஸும் சரி என்று சொல்லும், மறுநாள் மறந்திருக்கும்.

டிப்போவுக்கே போய்ச் சண்டை பிடித்தாள்.

"அதுகிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லக்கா" என்றான் டெக்னீஷியன் ஜெரின். "உள்ள இருக்க புரோகிராம் தெனமும் காலைல புதுசா பொறக்கும். பொறந்ததும் வெளிய வச்சிருக்க லிஸ்ட்டத்தான் வாசிக்கும். அதுல எழுதிட்டா மறக்காது." ஒரே ஒரு வரி சேர்த்தான்: தக்கலை நிறுத்தம், நாற்பது வினாடி.

மறுநாள் பஸ், "வணக்கம், முதல் பயணமா?" என்று கேட்டது. அவளை அதற்கு அடையாளமே தெரியவில்லை. ஆனாலும் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தது.

தானாகவே ஏறினாள். உட்கார்ந்த பிறகும் பதினைந்து வினாடி மிச்சமிருந்தது.