படத்துக்குப் பின்னால் ஒளிந்த ஓலை

பிரகாசி வீட்டில் இரண்டு ஓலைச் சிலுவைகள் இருந்தன. போன குருத்தோலை ஞாயிறன்று ஒரே ஓலையைக் கிழித்துச் செய்தவை. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. கோவிலில் ஜெபித்து மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடக் கூடாது, எரிக்கத்தான் வேண்டும். தவக்காலம் தொடங்கும்போது கோவிலில் எரித்து, அந்தச் சாம்பலை எல்லார் நெற்றியிலும் பூசுவார்கள்.

"வாடா, போகலாம்" என்றது நெட்டை.

"நீ போ. நான் வரல."

குட்டை சுவரிலிருந்த இயேசு படத்துக்குப் பின்னால் நழுவியது. பார்த்தால் பக்தி மாதிரி இருக்கும். பயம்தான், வேறொன்றுமில்லை. பிரகாசி நெட்டையை மட்டும் கோவிலுக்குக் கொண்டுபோனாள்.

சாம்பல் புதன் சாயங்காலம் பிரகாசி கோவிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்து படத்தின் முன் முட்டி போட்டாள். அவள் கண்ணை மூடியதும் சாம்பல் பேசியது. நெட்டையின் குரலேதான்.

"இன்னும் அங்கதான் இருக்கியா, பயந்தாங்கொள்ளி?"

"வலிச்சுதா?"

"வலிச்சுது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா தீக்குள்ள ஒரு கை என்னைப் பிடிச்சிருந்துச்சு. என் பூஞ்சை, பூச்சி எல்லாம் எரிஞ்சுது. அந்தக் கையும் எரிஞ்சுது. அப்பவும் விடல."

"யார் கை?"



குட்டை எட்டிப் பார்த்தது. படத்தில் இயேசுவின் வலது கை கரியாகியிருந்தது. நேற்று அப்படி இல்லை. இடது கை மட்டும் வெள்ளையாக விரிந்திருந்தது.

குட்டை நடுங்கிக்கொண்டே பிரகாசியின் மடியில் விழுந்தது. அவள் அதை உதட்டில் ஒற்றி முத்தி செய்துவிட்டு அடுப்படிக்கு எடுத்துப் போனாள்.

படத்தில் இடது கையைக் காணோம்.