ஏழாவது வரி

டாக்டர் கல்பகம் அந்தத் தாளைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒருமுறையும் போட்டுக்கொண்டு ஒருமுறையும் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல யாரும் இப்படிக் கட்டம் போட்டுக் கொண்டாந்ததில்லை."

தாளைக் கொண்டுவந்த தியாகு எதிரே உட்கார்ந்திருந்தான். மாதாப்பூர் ஐ.டி. கம்பெனி ஒன்றில் அவன் வேலை, மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. கண்டதையெல்லாம் எண் போட்டு எழுத வேண்டும். என்ன நடக்கிறது, எப்போது, எவ்வளவு மோசம், சரியாகும்வரை எப்படிச் சமாளிப்பது. மன அழுத்தத்துக்கு அவர் கொடுத்த மாத்திரையோடு கழிந்த பன்னிரண்டு நாளையும் அவன் அப்படியே எழுதி, ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து வந்திருந்தான்.

டாக்டர் வாய்விட்டுப் படித்தார்.

ஒன்று. குமட்டல். காலையில், ஆபீஸ் வண்டி அமீர்பேட் தாண்டும்போது. இரண்டு ரஸ்க் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டால் கொஞ்சம் தாங்குகிறது. ஜன்னலோர இடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டு. நாக்கு வறட்சி. சட்டைப் பையில் சோம்பு.

மூன்று. கொட்டாவி. தூக்கம் இல்லாமலே வருகிறது. அமெரிக்காக்காரர்களோடு பேசும்போது போனை மியூட்டில் போட்டுக்கொள்கிறேன்.

இங்கே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீதியை மனதுக்குள் படித்தார்.

"ஹவ், ஆமா, இதெல்லாம் வர்றதுதான். உடம்பு பழகற வரைக்கும் மூணு வாரம். அப்புறம் போயிடும்."

"எல்லாமேங்களா?"

"எல்லாமே." பயந்து கேட்கிறான் என்று நினைத்து, குரலைத் தணித்துச் சொன்னார்.

அவன் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தான்.

"வீட்டுல சமைக்கறீங்களா? போன தடவை மூணு வேளையும் பன்னும் டீயும்னு சொன்னீங்க."

"இல்லைங்க. ஆனா கேஸ் புக் பண்ணினேன். இன்னைக்குக் காலையிலதான் சிலிண்டர் வந்துச்சு."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். அவன் மனைவி அஸ்வினி டெங்குக் காய்ச்சலில் நான்கே நாளில் போய், எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் அவன் அழவில்லை. தீர்ந்துபோன சிலிண்டரை மாற்றவும் இல்லை. வீட்டுக்கென்று அவன் செய்த முதல் காரியம் இது.

எடை பார்த்தார். மூன்று கிலோ இறங்கியிருந்தது. இரண்டு முறை வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்ததாகத் தாளிலேயே இருந்தது.

"இது உங்க வயித்துக்குச் சரிப்படலை. வேற எழுதறேன்."

"வேண்டாங்க. இதே இருக்கட்டும்."

"கைக்கு? ஏன்? இதைவிட லேசா ஒண்ணு தர்றேங்கறேன், நக்கோங்கறீங்க." செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். சிரிப்போ எரிச்சலோ வந்தால் தமிழுக்குள் அந்த ஊர் உருதுப் பேச்சு புகுந்துவிடும்.

"சமாளிச்சுக்கறேங்க."

அவர் புது மருந்தின் பெயரை எழுதிவிட்டுத் தாளை மறுபடி எடுத்தார். விரல் ஒவ்வொரு எண்ணாக இறங்கி வந்து நின்றது.

"ஆறுக்கு அப்புறம் எட்டு இருக்கு. ஏழு எங்க?"

தியாகுவுக்குக் காது சூடானது. பிரிண்ட் எடுப்பதற்கு முன்பு அந்த வரியை மட்டும் அழித்திருந்தான். எண்களை மாற்றத் தோன்றவில்லை. ஒரு பிழையை நீக்கினாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. ஆறு வருடப் பழக்கம்.

"அது பிழை இல்லைங்க, டாக்டர்."

"பரவாயில்லை, சொல்லுங்க."

"சொன்னா நீங்க சரி பண்ணிடுவீங்க."

அவர் பேனாவை மூடினார். பேகம்பேட்டில் இறங்கப் போகும் பயிற்சி விமானம் ஒன்று கூரையை உரசுவது போலக் கடந்தது. சத்தம் ஓய்ந்தது. பிறகு அவன் சொன்னான், எழுதியிருந்த விதத்திலேயே.

ஏழு. கனவு. மூன்றாம் நாளிலிருந்து, தினமும் விடியும் நேரத்தில். அஸ்வினி சமையலறை வாசலில் சாய்ந்து நிற்கிறாள். ஈரத் தலையில் துண்டு. எட்டு மாதத்தில் ஒருநாள்கூடக் கனவில் வராதவள். "ஏங்க, கேஸுக்குச் சொல்லிட்டீங்களா?" என்கிறாள். மறந்துட்டேன் என்கிறேன். முறைக்கிறாள். அவ்வளவுதான்.

எவ்வளவு மோசம் என்ற கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியவில்லை. அதனால்தான் அழித்தான்.

டாக்டர் தான் எழுதியதை அடித்துவிட்டுப் பழைய மாத்திரையின் பெயரையே எழுதினார். பக்கத்தில் குமட்டலுக்கு ஒன்று.

"எடை இன்னும் இறங்கினா மாத்தித்தான் ஆகணும். அடுத்த வாரம் வாங்க." சீட்டை நீட்டியவர் கையை எடுக்கவில்லை. "சிலிண்டர் வந்துடுச்சுன்னு அவங்ககிட்ட இனிமேதான் சொல்லணும், இல்லையா?"

"ஆமாங்க." சீட்டின் மறுமுனையை அவன் பிடித்துக்கொண்டான். "சொல்லிட்டா அப்புறம் வருவாளான்னு தெரியலைங்க."

"சொல்லுங்க. கேஸ் ஆச்சுன்னா பால் கார்டு, கரண்ட் பில்லு. அவங்களுக்குக் கேக்கறதுக்கா இல்லை?"

தியாகுவுக்குப் பெரிதாக ஒரு கொட்டாவி வந்தது. கூடவே கண்ணில் நீர் வந்தது. புறங்கையால் துடைத்தான். மறுபடியும் வந்தது.

கொட்டாவி விட்டால் வருவதுதான் என்றான். டாக்டர் ஆமாம் என்றார்.