கம்பெனி டாக்டர்

"கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர், நர்ஸைப் பார்த்து.

அவன் மனைவி எழுந்து சுவர் வரை போய்த் திரும்பி வந்தாள். வலி கையில், காலில் ஒன்றுமில்லை. எதற்கு நடக்க வைக்கிறார் என்று அவனுக்கு விளங்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவர், ஏதோ காரணம் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவன் பஸ் டிரைவர். இந்தப் பன்றி இறைச்சிக் கம்பெனிக்குள் இன்றுதான் முதல்முறையாகக் கால் வைக்கிறான். அவளோ எலும்பிலிருந்து கறியை அறுத்தெடுக்கும் பிரிவில் வருஷக்கணக்காகக் கத்தி பிடிப்பவள். அவள் சேர்ந்தபோது ஒரே ஒரு கட்டடம். இப்போது பாதி ஊரை வளைத்துப் போட்டுவிட்டார்கள். பன்றி வந்து இறங்குவது ஒரு கோடி, அவள் கறி அறுப்பது மறு கோடி. இத்தனை வருஷத்தில் உயிரோடு ஒரு பன்றியைக்கூட அவள் இங்கே பார்த்ததில்லை.

எதிர்ச் சுவரில் முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே 'நாம் வளர்கிறோம்' என்று கொட்டை எழுத்து. அந்த 'நாம்' யார் யார் என்று அவனுக்குக் கேட்கவேண்டும் போலிருந்தது. அவன் வீட்டில் எதுவும் வளரவில்லை, அவள் விரல்கள் வீங்கியதைத் தவிர.

புது ஆர்டர் பிடிக்கும்போதெல்லாம் கறி வரும் பெல்ட்டை முடுக்கிவிடுவார்கள். ஆள் மட்டும் கூட்ட மாட்டார்கள். ராத்திரியெல்லாம் கை மரத்துப்போய் உதறிக்கொண்டே கிடப்பாள். காலையில் ஜாக்கெட் கொக்கி மாட்டிவிடுவதும் தலை பின்னிவிடுவதும் அவன்தான். முதலில் இருவரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை.

நேற்று கத்தி கை நழுவி, பக்கத்தில் நின்ற பெண்ணின் காலடியில் விழுந்தது. அதனால்தான் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். டாக்டர் ஓய்வு என்று எழுதினால் சம்பளத்தோடு வீட்டில் இருக்கலாம். வேலைக்குத் தகுதி என்று எழுதினால் இன்று மதியமே பெல்ட் முன்னால் நிற்கவேண்டும். மாட்டேன் என்றால் வேலை காலி.

டாக்டர் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள்.

"காய்ச்சல் இல்ல. தோல் நல்லாருக்கு. நடை நல்லாருக்கு. எழுதிக்குங்க" என்றார் நர்ஸிடம்.

"டாக்டர், அவளுக்குக் கையில..."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவள் கையைத் தூக்கி, இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டு, கீழே வைத்தார்.

"ஏங்க, சும்மா இருங்க. இருக்கிற வேலைக்கும் உலை வெச்சிடாதீங்க" என்று அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிடிக்க முடியாமல் விரல்கள் வழுக்கின. அதைப் பார்த்ததும் அவனுக்கு ரத்தம் கொதித்தது.

"என்னத்தை சும்மா இருக்கிறது? வந்ததுலேர்ந்து உன் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை பேசினாரா? எங்கேம்மா வலிக்குது, எத்தனை நாளா வலிக்குதுன்னு ஒரு கேள்வி கேட்டாரா? வாயில்லா ஜீவனா நீ?"

டாக்டரின் முகம் சிவந்தது. நர்ஸ்தான் குறுக்கே வந்தாள்.

"சார், சத்தம் போடாதீங்க. முன்னாடி இருந்த டாக்டரம்மா கேட்டவங்களுக்கெல்லாம் லீவு எழுதிக் கொடுத்தாங்க, அவங்களையே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. இவரு ரொம்ப நாளா கம்பெனியிலேயே இருக்கிறவரு. இதையும் நீங்களே பாத்துக்குங்கன்னு மேலே சொல்லிட்டாங்க. இவர் என்ன செய்வாரு?"

கம்பெனிக்காரன் உப்பைத் தின்கிறவர், வேறெப்படி இருப்பார் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அதுவரை அவனை அடக்கிக்கொண்டிருந்தவள் தானே எழுந்தாள். வலது கையை டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க. மூட முடியல. கத்தி கையில இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியல. நேத்து தரையில விழுந்துச்சு. நாளைக்கு அந்தப் பொண்ணு மேல விழுந்தா நீங்க வந்து பதில் சொல்வீங்களா டாக்டர்?"

டாக்டர் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். மேஜை மேலிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"நான் லீவு எழுத முடியாதும்மா." அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு சீட்டின் மேல் ஸ்டாம்பைக் குத்தினார். 'வேலைக்குத் தகுதி.'

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான். வெளியே பெஞ்சில் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த பெண்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"மனுஷியோட கையைப் பாத்துட்டு இப்படிக் குத்த உனக்கு எப்படிய்யா மனசு வந்தது? நீயெல்லாம் ஒரு டாக்டரா?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு, சேறு அப்பிய ரப்பர் பூட்ஸோடு ஒருவன் உள்ளே தலையை நீட்டினான். அங்கிருந்த யாரையும் அவன் சட்டை செய்யவில்லை.

"டாக்டர், ஆளுங்களைப் பாத்தது போதும், பன்னி லாரி வந்திருச்சு, உங்க சொந்த வேலையைப் பாக்க வாங்க!"