நான்காவது ஜாக்கெட்

“நாய்க்குக் கட்டியிருக்கிற லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி எனக்குக் கொடுங்க” என்றாள் டெல்சியா.

அதை மட்டும் கேட்கவே கூடாது என்று, பாய்ப்படகை ஓட்டும் மோட்சம் சித்தப்பா முதல் நாளே சொல்லிவைத்திருந்தார். கடல்காரர்களே ஜாக்கெட் போட்டால் தீவு பார்க்க வந்தவர்களுக்குப் பயம் பிடித்துக்கொள்ளுமாம். கரையோரம் கிளம்பத் தயாராக நின்ற படகில் இருந்ததே நான்குதான். மூன்றை வந்த குடும்பம் போட்டிருந்தது. நான்காவதற்குள் அந்தக் குட்டி நாய், சப்பரத்தில் ஏறிய சாமிபோலத் தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தது.

“கடல்லயே பொறந்து வளந்தவ, உனக்கெதுக்கும்மா?” என்று சிரித்தாள் நாயைக் கொண்டுவந்த அம்மாள்.

“எங்க அண்ணனும் கடல்லதான் வளந்தான். போன மாசம் அடுத்த தீவுக்குப் போற வழியில பாய் அடிச்சு விழுந்தான். இன்னும் கிடைக்கல.”

அம்மாள் நாயை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“ஏட்டி, வாய மூடு” என்று பல்லைக் கடித்தார் சித்தப்பா. “காலேஜுக்குப் போனதும் நீச்சல் மறந்துபோச்சாக்கும்? ஒங்கண்ணன் செலஸ்டின் ஒரு நாளாவது இதக் கேட்டிருப்பானா?”

“கேக்கல. அதான் செத்தான்.”

மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நங்கூரத்தைத் தூக்கிப் படகுக்குள் போட்டுவிட்டு, அண்ணன் பிடித்த பாய்க்கயிற்றை அவர் அவளிடம் எறிந்தார். அவள் தொடவில்லை.

“பாய இறக்க ஆளில்லாம நான் எப்படிட்டி போவேன்?”

“போகாதீங்க.”

முட்டளவுத் தண்ணீரில் குதித்து, கரையிலிருந்த குடிசைகளைப் பார்த்து நடந்தாள். பின்னால் பாய் ஏறும் சத்தம் கேட்டது. அவள் நிற்கவில்லை.