மொட்டைமாடிக் கிழங்கு

"நாமக்கல் வெயில்ல உருளைக்கிழங்கு விளைஞ்சா நான் மீசைய எடுத்துக்கறேனுங்க மாப்ள. விளையலீன்னா நீங்க எடுத்துக்கோணும்!"

யூடியூப் பார்த்து விவசாயியான அறிவழகனிடம், அவன் மனைவி அனிதாவின் அண்ணன் மாதேஸ்வரன் விட்ட சவால் இது. இன்று அறுவடை பார்க்கவும் வந்துவிட்டார்.

மொட்டைமாடியில் இருந்த ஒற்றைச் செடிப் பையை அறிவழகன் கம்பீரமாகக் கவிழ்த்தான். கிழங்குகள் உருண்டு ஓடின.

மாதேஸ்வரன் குனிந்து பொறுக்கினார். "ஏனுங்க மாப்ள, இதெல்லாம் செம்மண்ணு ஒட்டுன ஊட்டிக் கிழங்கு. அதெல்லாம் வெள்ளைத்தோலு ஆக்ராக் கிழங்கு. ஒரே செடியில ரெண்டு ரகமுங்களா?"

அறிவழகனுக்கு வேர்த்தது. "செடி மேல நம்பிக்கையில்லாம, ஊட்டிக் கிழங்க வாங்கி நாந்தான் புதைச்சேனுங்க மச்சான். ஆக்ரா சத்தியமா எனக்குத் தெரியாது."

"அது நாந்தானுங்கண்ணா," என்றாள் அனிதா. "இந்த மூஞ்சிய மீசையில்லாம பாக்கற தைரியம் எனக்கில்ல."

மச்சான் விடவில்லை. கையோடு சலூனுக்குக் கூட்டிப்போய், மீசையை எடுக்கவைத்துவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறினார்.

வீடு திரும்பிய அறிவழகன், கொட்டிய மண்ணை அள்ளினான். செடியின் வேரில் சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று தொங்கியது. உருளைக்கிழங்கு!

"அனிதா, இந்தப் பொடிசும் நீ வெச்சதா?"

"இல்லீங்களே. நீங்க வெச்சதில்லீங்களா?"

"இல்லியே! அப்ப... செடியே வெச்சதா?"

அறிவழகனின் கை தானாக மீசையை முறுக்கப் போனது. அங்கே ஒன்றுமில்லை.