பின்னால் இருந்ததற்கு ஒரு கொசு

வாயுண்டு, பல் இல்லை. ஊரார் பேச்சையெல்லாம் உரக்கப் பேசும், சொந்தப் பேச்சு ஒன்றும் கிடையாது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

ஸ்பீக்கர்தான். அமுதினி வீட்டில் மூன்று இருந்தன. நெட்டைகள் இரண்டும் டி.வி.க்கு இருபுறமும் நின்றன. குட்டி மட்டும் சோபாவுக்குப் பின்னால், சுவரோரமாக இருந்தது. எந்த ஸ்பீக்கருக்கு எந்தச் சத்தம் என்று பங்கு பிரித்துக் கொடுப்பது ரிசீவர்.

"பின்னாடி ஸ்பீக்கர் வேலையே செய்யலை. இன்னிக்குப் படத்துலயும் சத்தம் வரலைன்னா கடையில திருப்பிக் கொடுத்துடலாம்" என்று அப்பா சொன்னார்.

"ரிசீவர் அண்ணே, எனக்கும் ஒரு வசனம் கொடுங்களேன்" என்று குட்டி கெஞ்சியது.

"படத்துல முதுகுக்குப் பின்னால நடக்கிறதுதான் உன் பங்கு, தம்பி. இன்னிக்கு ஒரே ஒரு கொசுதான் வருது" என்றது ரிசீவர்.

நெட்டைகள் குலுங்கிச் சிரித்தன. "எங்களுக்கு யானைச் சண்டை, கல்யாண மேளம். உனக்குக் கொசுவா? வசனத்தை மறந்துடாதடா!"

படம் தொடங்கியது. யானைகள் பிளிறின, மேளம் முழங்கியது. குட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. தன் முறை வந்ததும் உயிரைக் கொடுத்துப் பாடியது: "கொய்ய்ய்ங்!"

அப்பா தன் கன்னத்திலேயே பளாரென்று அறைந்துகொண்டார். அமுதினி சோபாவின் மேல் ஏறிப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே கொசு இல்லை, குட்டிதான் இருந்தது.

"அப்பா, இதுதான் பாடுது!"

"ஏய் பாப்பா, சண்டை இந்தப் பக்கம் நடக்குது!" என்று நெட்டைகள் கத்தின.

அமுதினி சோபாவைக் குட்டி இருந்த சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னாள்.