உறைந்த ஏரியில் பிஸ்கட் வியாபாரம்

"உள்ள யாரும் இல்ல!" என்று கதவு தட்டும் சத்தம் கேட்டதும் தன் மீன்பிடிக் குடிசைக்குள்ளிருந்து கத்தினார் ஆர்விட்.

"அப்போ இப்ப கத்தினது யாரு தாத்தா?" என்றது வெளியே ஒரு சின்னக் குரல்.

"மீன்."

"மீன் காபி எல்லாம் போடுமா? வாசனை தூக்குதே!"

ஆர்விட் பதில் யோசிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நின்றிருந்தாள். கம்பளிக் கோட்டுக்கு மேலே பச்சைச் சாரணர் சட்டை. பின்னால் ஒரு சறுக்குவண்டி, அதில் பிஸ்கட் பெட்டிகள். சற்றுத் தள்ளி, பனிக்கட்டியின் மேலேயே ஒரு கார். அதற்குள்ளிருந்து அவள் அம்மா சிரித்தபடி கையாட்டினாள்.

ஆர்விட்டின் கை தன்னாலே பர்ஸ் இருந்த பையை மூடிக்கொண்டது.

ஊரில் எந்தக் குழந்தை தன் குழுவுக்கு நிதி சேர்க்க எதை நீட்டினாலும் வாங்கிவிடுகிற கை அவருடையது. பேஸ்பால் குழுவின் பாப்கார்ன், பள்ளிக்கூட பேண்டு வாத்தியக்காரர்களின் மெழுகுவர்த்தி எல்லாம் வாங்கி வாங்கி, அவர் வீட்டுக் கார் ஷெட்டில் கார் நின்று நாளாகிவிட்டது. அதனால்தான் காலையில் அவர் ஏரிக்குக் கிளம்பும்போதே மனைவி மார்லிஸ் சொல்லிவிட்டாள்: "சாயங்காலம் ஒரே ஒரு பிஸ்கட் பெட்டியோட இந்த வாசலை மிதிச்சீங்கன்னா, நாளைக்கே அந்த மீன்பிடிக் குடிசையை வித்துடுவேன். சொல்லிட்டேன்."

மார்லிஸ் சொன்னால் செய்கிறவள். குளிர்காலத்தில் ஆர்விட்டுக்கு இருந்த ஒரே சொர்க்கம் இந்தக் குடிசை. ஏரி உறைந்ததும் ஊர் ஆட்கள் பனிக்கட்டிமேல் கொண்டுவந்து நிறுத்தும் குடிசைகளில் ஒன்று. நான்கு பலகைச் சுவர், ஒரு அடுப்பு, தரையில் ஒரு துளை, துளைக்குக் கீழே ஏரி.

"என் பேரு டெல்லா. உங்களுக்குப் புதினா சாக்லேட்டா, கடலையா?"

"ரெண்டும் வேண்டாம் பாப்பா. எனக்குச் சர்க்கரை வியாதி."

"மேசை மேல இருக்கிறது என்ன தாத்தா?"

ஆர்விட் பாதி தின்ற ஜாம் பன்னைத் தொப்பியால் மூடினார். "அது மருந்து. சரி, எனக்குப் பல்லும் சரியில்ல."

"காபியில நனைச்சா பல்லே வேண்டாம்."

அந்தப் பிப்ரவரியில் மினசோட்டாவின் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. ஊரிலிருந்த கோபக்காரர்கள்கூடத் தங்கள் சண்டைகளை ஏப்ரலுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். திறந்த கதவு வழியாக அந்தக் குளிர் உள்ளே வந்து, சொந்தக்காரர்போல் உட்கார்ந்துகொண்டது. காபியில் ஆவி பறப்பது நின்றது. தூண்டில் துளையில் மெல்லிய பனி ஆடை படர்ந்தது.

ஆர்விட் பேச்சை மாற்றினார். "அந்த நீலக் குடிசை லெஸ்டர், டிவி எல்லாம் வச்சிருக்கானே, அவன் வாங்கினானா?"

"எட்டுப் பெட்டி."

"எட்டா!" ஆர்விட்டின் முகம் சுருங்கியது. "ஹோல்ம் அண்ணன் தம்பி? அவனுங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையே."

"அதனாலதான் தனித்தனியா வாங்கினாங்க. ஆளுக்கு ஆறு."

"எல்மர் வாங்கியிருக்க மாட்டான். மூச்சுல பாதியை விட்டு மீதியைச் சேர்த்து வைக்கிற கஞ்சன் அவன்."

"அவருதான் நிறைய வாங்கினாரு. பத்து."

ஆர்விட் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "எல்மர் பத்தா? நிஜமாவா? அப்படி என்னதான் சொன்ன அவன்கிட்ட? ஒண்ணு விடாம சொல்லு."

"ஒண்ணும் சொல்லல தாத்தா. அவர் வாங்கற வரைக்கும் நான் கதவை மூடல."

ஆர்விட் திறந்திருந்த கதவைப் பார்த்தார். பிறகு தன் மீசையைத் தொட்டுப் பார்த்தார். அது குச்சியாக நின்றது.

"அடிப்பாவி," என்றார் மரியாதையோடு.

"அம்மாவும் அதையேதான் சொன்னாங்க."

"சரி, இந்த ஏரியில இன்னும் வாங்காத ஆளு யாராவது மிச்சம் இருக்காங்களா?"

"நீங்க ஒருத்தர்தான்."

"அந்தக் கரையில, மரத்துக்குப் பக்கத்துல?"

"நேத்தே முடிஞ்சுது."

"புதுசா வந்த அந்தப் பாதிரியார்?"

"அவர் ஜெபம் பண்ணிட்டிருந்தாரு. ஆமென் வரைக்கும் காத்திருந்தேன். நாலு பெட்டி."

ஆர்விட் தலையில் கை வைத்துக்கொண்டார். கண்ணில் நீர் கோத்து, அது அங்கேயே உறையத் தொடங்கியது. டெல்லாவுக்கு மனம் இளகிவிட்டது.

"அழாதீங்க தாத்தா. தீர்ந்துபோகல. உங்களுக்குன்னு பதினொண்ணு வச்சிருக்கேன்."

துளை முழுசாக மூடிக்கொண்டது. அடுப்பு ஒருமுறை இருமிவிட்டு அணைந்தது. ஆர்விட் பர்ஸை எடுத்தார்.

"கடவுள் உங்களை நல்லா வச்சிருக்கட்டும் தாத்தா!" என்றாள் டெல்லா. பதினொரு பெட்டிகளையும் மேசைமேல் அடுக்கி, வெளியே போய், கதவை மிகவும் பொறுப்பாக மூடினாள். கார் ஒரு மகிழ்ச்சியான ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது.

சத்தம் ஓய்ந்ததும் ஆர்விட் பெட்டிகளைச் சுமந்துகொண்டு குடிசைக்குப் பின்னால் நின்ற தன் பிக்கப் வண்டிக்குப் போய், தார்ப்பாயை விலக்கினார். அவர் பேத்தியும் சாரணர்தான்; காய்ச்சலில் கிடக்கும் அவளுக்குப் பதிலாக ஏரியில் விற்றுவிட்டு வரச் சொல்லி மார்லிஸ் ஏற்றி அனுப்பிய அறுபது பிஸ்கட் பெட்டிகள், கதவு தட்டக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து அவர் தொடாமலே விட்ட அதே அடுக்கில் இருந்தன. பதினொன்றையும் அவற்றின் மேல் ஒழுங்காக அடுக்கினார்.